கக்குவான் பூஸ்டர்: மருத்துவமனைப் பணியாளர் தடுப்பூசித் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியாளர் நலப் பிரிவுக்கோ தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கோ புதிதாக வருகிறவர்கள் கக்குவான் இருமல் விஷயத்தில் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர்கள் சறுக்கிய அதே இடங்கள்தான். கை கழுவ மறப்பது, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிக்கொள்வது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். சரி என்று நம்பிச் செய்கிறவைதான் இங்கே பேசப்படுகின்றன.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன்? கக்குவானால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள். அவர்களுக்கு முதல் டோஸ் ஆறாவது வாரத்திலோ இரண்டாவது மாதத்திலோதான் தொடங்குகிறது. அதுவரை குழந்தைக்கு இருப்பது கர்ப்பகாலத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும், கிருமியைக் கொண்டுவராத பெரியவர்களும்தான். பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் அந்தப் பெரியவர்கள் பணியாளர்களே.

'சின்ன வயதில் போட்டாயிற்று' என்று பதிவேட்டை மூடுவது

குழந்தைப் பருவ ஊசியின் பாதுகாப்பு 4 முதல் 12 ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது. நோயே வந்து போனவருக்கும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. 4 முதல் 20 ஆண்டுகள் என்பதே மதிப்பீடு. முப்பது வயதுச் செவிலியரின் பள்ளிக்கால அட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கலாம். அவரது தற்போதைய பாதுகாப்புக்கு அது சான்றாகாது.

இதைவிட அடிக்கடி நடப்பது பதிவேட்டுக் குழப்பம். காயம்பட்டபோது போட்ட டிடி (டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்குமான ஊசி), டெட்டனஸ் டாக்ஸாய்டு (டெட்டனஸுக்கு மட்டுமான ஊசி) எல்லாம் 'தடுப்பூசி போட்டவர்' என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. இரண்டிலும் கக்குவான் கூறு கிடையாது. பெரியவர்களுக்கு அந்தக் கூறு இருப்பது டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றையும் சேர்த்த டிடாப் ஊசியில். எனவே பதிவேட்டில் ஊசியின் வணிகப் பெயர், தொகுதி எண், போட்ட தேதி ஆகிய மூன்றும் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். 'ஆம் / இல்லை' என்று ஒரு பத்தி வைத்தால், ஓர் ஆண்டுக்குப் பிறகு அதை யாராலும் நம்ப முடியாது.

டிடி போட்டுச் சில மாதங்களே ஆனவரைத் திருப்பி அனுப்புவதும் வேண்டாம். முன்பு அறிவுறுத்தப்பட்ட இடைவெளியை அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2011-லேயே எடுத்துவிட்டது. கடைசி டிடி எப்போது போட்டிருந்தாலும் டிடாப் போடலாம்.

எதிர்ப்பொருள் அளந்து, யாருக்கு ஊசி என்று தீர்மானிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிற தவறு இது. செலவு வைப்பது, நாளைக் கடத்துவது, கடைசியில் தவறான ஆளுக்கு நிம்மதி தருவது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறது.

இது எங்கிருந்து வருகிறது என்பது புரியக்கூடியதே. ஹெபடைடிஸ் பி ஊசித் தொடர் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் ரத்தம் எடுத்து, மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் பாதுகாப்பு, இல்லையென்றால் மறுபடி ஊசி. ரூபெல்லாவுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவைச் சான்றாக ஏற்கிறோம். அந்தப் பழக்கத்தில் கக்குவானுக்கும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிடுகிறார்கள்.

கக்குவானுக்கு அப்படி ஓர் எல்லைக்கோடே கிடையாது. கிருமி சுரக்கும் டாக்ஸின் என்ற நச்சுக்கு எதிரான ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் இந்த அளவுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, கீழே இருந்தால் இல்லை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட எண் எதுவும் நிறுவப்படவில்லை. பரிசோதனைக் கிட்டின் தாளில் அச்சாகியிருக்கும் 'பாசிட்டிவ்' எல்லை வேறு வேலைக்காக வைக்கப்பட்டது: இருமலோடு வந்தவருக்கு அண்மையில் இந்தக் கிருமி தொற்றியதா என்று கண்டுபிடிக்க. ஆகவே பாசிட்டிவ் என்றால், அண்மையில் நோய் வந்திருக்கலாம் அல்லது அண்மையில் ஊசி போட்டிருக்கலாம் என்று பொருள். நெகட்டிவ் என்றால் அண்மையில் இரண்டும் நடக்கவில்லை என்று பொருள். 'எதிர்ப்பாற்றல் உண்டு', 'எதிர்ப்பாற்றல் இல்லை' என்று அதைப் படிப்பது கிட் சொல்லாததைச் சொல்ல வைப்பது.

பிறகு நடப்பதை வரிசையாகவே சொல்லிவிடலாம். முழுப் பிரிவுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். ஆய்வகம் முடிவு தரும்வரை ஊசி நிறுத்திவைக்கப்படுகிறது. எண் அதிகமாக வந்தவரின் கோப்பில் 'பூஸ்டர் தேவையில்லை' என்று முத்திரை விழுகிறது. அந்த எண் ஓரிரு ஆண்டுகளுக்குள் வேகமாகச் சரிந்துவிடும். முத்திரை மட்டும் பத்தாண்டு அப்படியே இருக்கும். சில வாரம் விடாமல் இருமியபடி குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர்தான் அந்த உயர்ந்த எண்ணின் சொந்தக்காரர் என்பதும் சில சமயம் உண்டு. அவரை அன்றே விசாரித்திருக்க வேண்டும். நாம் பாராட்டி அனுப்பியிருக்கிறோம்.

எண் குறைவாக வந்தவருக்கு ஊசி கிடைக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். எண் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்றதும் இரண்டாவது டோஸ். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கிடைப்பது வீங்கிய கையும், அடுத்த முறை ஊசி என்றாலே ஒதுங்கும் பணியாளரும்தான்.

கிட்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சுத்திகரித்த டாக்ஸினை மட்டும் வைத்து அளப்பவை ஒரு வகை. கிருமியின் பல புரதங்களைக் கலந்து வைத்தவை இன்னொரு வகை. கலவைக் கிட்டில் எஃப்எச்ஏ என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளும் சேர்ந்து எண்ணப்படும். அது பாராபெர்டுசிஸ் போன்ற உறவுக் கிருமிகளாலும் உண்டாவது. இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இந்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை என்பதல்ல. இருமல் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் ஆனவர், கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு நாள் கடந்துவிட்டது, கடந்த ஓராண்டில் டிடாப் போடவில்லை என்றால், டாக்ஸின் ஐஜிஜி பார்ப்பது சரியான முடிவு. ஒரு மருத்துவமனையில் எத்தனை பேரிடம் அண்மைத் தொற்றின் தடம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வுக்கும் உதவும். தனி ஒருவருக்கு ஊசி வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

அந்தப் பதில் தேதியில் இருக்கிறது. டிடாப் போட்டதாக எழுத்துச் சான்று இல்லையா? போட்டுவிடுங்கள். 'எனக்குக் கக்குவான் வந்து போயிற்று' என்கிறாரா? அவருக்கும் போடுங்கள். சான்று இருந்தால், உங்கள் நாட்டு வழிகாட்டுதலின் இடைவெளியைப் பாருங்கள். ஆஸ்திரேலியா பணியாளர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை என்கிறது. அமெரிக்காவில் டிடாப் ஒரு டோஸ். பிறகு பத்தாண்டுக்கு ஒரு முறை டிடி அல்லது டிடாப். பச்சிளங்குழந்தைப் பிரிவு, பிரசவப் பிரிவு, குழந்தைகள் வார்டு, அவசரப் பிரிவு என்ற வரிசையில் தொடங்கினால், கையிருப்பு குறைவாக இருந்தாலும் முதல் டோஸ்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஊசி போட்டவருக்கு முன்னெச்சரிக்கை ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பது

டிடாப் முதல் ஆண்டில் பத்தில் ஏழு பேரை நோயிலிருந்து காக்கிறது. நான்காம் ஆண்டில் அது பத்தில் மூன்று, நான்கு பேராகக் குறைகிறது. 2013-இல் வெளியான பபூன் குரங்கு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: செல்லற்ற ஊசி (டிடாப் போல, முழுக் கிருமி இல்லாமல் அதன் சில புரதங்களை மட்டும் கொண்டது) போட்ட குரங்குகள் நோயில் விழவில்லை, ஆனாலும் கிருமி அவற்றின் மூக்குத்தொண்டையில் வாரக்கணக்கில் தங்கியது, மற்றக் குரங்குகளுக்கும் பரவியது.

ஆகவே முகக்கவசம் இல்லாமல் நோயாளியோடு ஒரு மீட்டருக்குள் நேருக்கு நேர் இருந்தவர், சளி உறிஞ்சும்போது தெறித்தவர் ஆகியோர் பச்சிளங்குழந்தைகளையோ கர்ப்பிணிகளையோ கவனிப்பவர் என்றால், ஊசி போட்டிருந்தாலும் மருந்து தர வேண்டும். தொடர்பு ஏற்பட்ட 21 நாட்களுக்குள், முடிந்தவரை சீக்கிரம்: அசித்ரோமைசின் முதல் நாள் 500 மி.கி., அடுத்த நான்கு நாட்கள் தினம் 250 மி.கி. இதயத்துடிப்புக் கோளாறோ, ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும் மருந்துகளோ இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மற்றப் பிரிவினருக்கு மருந்து கொடுக்கலாம், அல்லது 21 நாட்கள் தினமும் அறிகுறி விசாரிக்கலாம்.

இருமத் தொடங்கியவர் மருந்து ஆரம்பித்து ஐந்து நாள் முடியும்வரை டியூட்டிக்கு வரக் கூடாது. மருந்து எடுக்க மறுத்தால் இருமல் தொடங்கியதிலிருந்து 21 நாள். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக இந்த நாட்களை வெட்டக் கூடாது. இரவு ஷிப்டில் ஓர் ஆள் குறைவதைச் சமாளிக்க வழி உண்டு.

ஸ்வாப் எடுக்கும் அறையிலேயே ஊசி போடுவது

சில செல்லற்ற ஊசி மருந்துகளில் கக்குவான் கிருமியின் டிஎன்ஏ துணுக்குகள் பிசிஆருக்குச் சிக்கும் அளவில் இருக்கின்றன. ஊசி தயாரித்த மேசை, கையுறை, கைப்பிடி வழியாக அவை ஸ்வாபுக்கு (மூக்கிலிருந்து மாதிரி எடுக்கும் குச்சிக்கு) வந்துவிட்டால், நோயே இல்லாதவர் பாசிட்டிவ் ஆகிறார். இரண்டுக்கும் தனி அறை, தனி ஆள். முடியாவிட்டால், மேசை துடைத்து, கையுறை மாற்றி, முதலில் எல்லா ஸ்வாபும், பிறகே ஊசி.

ஸ்வாப் மூக்கு வழியாகப் பின்தொண்டை வரை போக வேண்டும். தொண்டையில் தடவுவது போதாது. பாலியெஸ்டர், ரேயான் அல்லது நைலான் முனை இருக்கட்டும். பஞ்சு முனை, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் அது வளர்வதைக் கெடுக்கும். கால்சியம் ஆல்ஜினேட் முனை பிசிஆரைத் தடுக்கும். கல்ச்சர் முதல் இரண்டு வாரத்துக்குள், பிசிஆர் மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் நம்பகமானது. அறிகுறியே இல்லாதவர்களை 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று வரிசையில் நிறுத்த வேண்டாம்.

2006-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் இருமல் பரவியபோது, ஏறக்குறைய ஆயிரம் பணியாளர்களுக்கு பிசிஆர் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் என்று கருதப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு ஊசியும் மருந்தும் போயின. கடைசியில் கல்ச்சரில் ஒருவருக்குக் கூடக் கக்குவான் கிருமி வளரவில்லை. ஒரு பிரிவில் திடீரென்று பலர் பாசிட்டிவ் ஆனால், முதல் சிலருக்கேனும் கல்ச்சர் அனுப்புங்கள்.

'ஊப்' சத்தத்துக்குக் காத்திருப்பது

தொடர் இருமலுக்குப் பின் மூச்சை இழுக்கும்போது எழும் சத்தம் அது. பெரியவர்களில் பலருக்கு அந்தச் சத்தம் வரவே வராது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், இரவில் கூடும் இருமல், இருமி இருமி வாந்தி: இவை போதும்.

குழந்தைகளின் டிபிடியைப் பெரியவருக்குப் போடுவது

கூடாது. அதில் டிப்தீரியா டாக்ஸாய்டின் அளவு அதிகம். கை கடுமையாக வீங்கும்.

உறைந்த ஊசியை உருக்கிப் போடுவது

2 முதல் 8 டிகிரி. உறைந்தது குப்பைக்கு.

குலுக்காமல் ஏற்றுவது

அலுமினியக் கூறு அடியில் படியும். வெண்மையாக ஒரே சீராகக் கலங்கும்வரை குலுக்கி, 0.5 மி.லி., மேல்கைத் தசையில்.

நிரந்தரப் பணியாளர் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது

ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், பயிற்சி மாணவர், எக்ஸ்ரே தொழில்நுட்பர், காவலாளி. குழந்தையின் அருகே போகிற எல்லோரும் பட்டியலில் வேண்டும்.

கர்ப்பிணிப் பணியாளரை ஒதுக்கிவைப்பது

இவர்தான் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டியவர். ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஒரு டோஸ். அமெரிக்காவில் 27 முதல் 36 வாரம், பிரிட்டனில் 16-ஆம் வாரத்திலிருந்தே. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச்சேரும். முந்தைய கர்ப்பத்தில் போட்டது இந்தக் குழந்தைக்கு உதவாது. டிடாப் தரக் கூடாதவர்கள் மிகச் சிலரே: முந்தைய டோஸுக்கோ அதன் கூறுக்கோ கடும் ஒவ்வாமை வந்தவர், கக்குவான் ஊசிக்குப் பின் ஏழு நாட்களுக்குள் வேறு காரணம் சொல்ல முடியாத மூளைப் பாதிப்பு வந்தவர்.

நோயாளி வந்த பிறகு ஊசிக்கு ஓடுவது

டிடாப் வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தொடர்பு ஏற்பட்ட அன்று போடும் ஊசி அந்தத் தொடர்பிலிருந்து காப்பாற்றாது. அன்றைக்குத் தேவை மாத்திரை. ஊசி விடுபட்டவர் என்று அப்போது தெரிந்தால் அதையும் சேர்த்தே போடுங்கள், தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். பணியில் சேர்பவருக்கு இதை வார்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டால், முதல் நாளிலேயே அவரைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நிறுத்தலாம்.