மிரர்லெஸ் கேமராவில் முதல் வாரம்: வெள்ளை மாட்டை வெள்ளையாகவே எடுப்பது எப்படி?

போன மாதம் கோவையில் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா (பழைய டிஎஸ்எல்ஆர் மாதிரி உள்ளே மிரர் இல்லாதது) வாங்கினேன். ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார், கேமராவோடு வரும் 16-50 மிமீ கிட் லென்ஸ். இரண்டும் சேர்ந்து உரித்த தேங்காய் ஒன்றின் கனம்தான். அன்று சாயங்காலமே காங்கயம் பக்கத்தில் இருக்கும் அப்பச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக்குப் போய், கட்டுத்தறியில் நின்ற வெள்ளை மாட்டை எடுத்தேன். ஸ்கிரீனை எட்டிப் பார்த்த அப்பச்சி, “ஏங்கண்ணு, நம்ம மாடு சாம்பல்ல பொரண்டாப்புல இருக்குது?” என்றார்.

இருந்தது. அந்தச் சாம்பலைப் போக்குவதுதான் இதில் முக்கால் பங்கு. அதற்கு முன் சில்லறை வேலைகள் சில.

படி 1: பேட்டரி, கார்டு

மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் ஓயாமல் வேலை செய்வதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஒரு சார்ஜுக்கு 300, 400 படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது லென்ஸுக்கு ஆசைப்படும் முன் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள். கார்டு 64 ஜிபி, வேகத்துக்கு வி30 என்று போட்டது போதும். கேமராவில் போட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

அப்புறம் மெனுவில் ‘கார்டு இல்லாமல் ஷட்டர்’ என்கிற மாதிரி ஒன்று இருக்கும். அதைத் தேடி அணைத்துவிடுங்கள். நான் அணைக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் அரை மணி நேரம் ‘க்ளிக், க்ளிக்’ என்று எடுத்துத் தள்ளினேன். கார்டு வீட்டில் லேப்டாப்பில் செருகியபடி இருந்தது.

படி 2: வ்யூஃபைண்டர்

கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் இருந்தால், உள்ளே எழுத்து பளிச்சென்று தெரியும்வரை அதைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் லென்ஸைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

படி 3: மோடு

மேலே இருக்கும் டயலை ‘ஏ’ என்ற எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். கேனான் என்றால் ‘ஏவி’. லென்ஸின் திறப்பை நீங்கள் சொல்ல, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோடு இது. திறப்பை எஃப் 5.6 வையுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோ, மேல் வரம்பு 3200. குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைச் சொல்லிவைக்கும் வசதி இருந்தால் 1/125 நொடி. துள்ளுகிற கன்றுக்குட்டிக்கு 1/500. படங்கள் ராவும் (சென்சாரின் மூலப் பதிவு) ஜேபெக்கும் (வழக்கமான படக் கோப்பு) சேர்ந்தே விழட்டும். அவ்வளவுதான், மெனுவுக்குள் இனி அதிகம் போக வேண்டாம்.

படி 4: ப்ளஸ், மைனஸ்

இப்போது மாட்டுக்கு வருவோம். கேமராவுக்கு மாடு, மனிதன், சுவர் என்ற வித்தியாசமெல்லாம் வெளிச்சத்தை அளக்கும்போது தெரியாது. எதிரில் இருப்பது எதுவானாலும், சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று நம்பி அளக்கிறது. ஃப்ரேம் முழுக்க வெள்ளை மாடு நின்றால், ‘அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா’ என்று குறைத்துவிடும். மாடு சாம்பலாகும்.

ப்ளஸ் மைனஸ் குறி போட்ட டயலையோ பட்டனையோ கண்டுபிடியுங்கள். ஒரு சொடுக்குக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் நகரும். மூன்று சொடுக்கு, +1, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். பழைய டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இந்த மாற்றம் தெரியாது, எடுத்த பிறகுதான் தெரியும். மிரர்லெஸ்ஸில் சென்சார் பார்ப்பதையே நீங்களும் பார்க்கிறீர்கள். டயலைத் திருப்பத் திருப்ப, வ்யூஃபைண்டருக்குள் மாடு வெளுத்துக்கொண்டே வந்தது. இந்தக் கேமராவை எனக்குப் பிடித்துப்போன இடம் இதுதான்.

எவ்வளவு தூரம் போகலாம்? மெனுவில் ‘ஸீப்ரா’ (வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் கோடு போட்டுக் காட்டுவது) இருந்தால் 100-இல் வையுங்கள். +1.3 வைத்தபோது மாட்டின் முதுகில் வரிவரியாகக் கோடு ஓடியது. அந்த இடத்தில் ரோமமே தெரியாமல் வெறும் வெள்ளையாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு சொடுக்குப் பின்வாங்கி +1-க்கு வந்தேன். கோடு போயிற்று, ரோமம் நின்றது.

பழகுவதற்குக் காங்கயம் மாட்டுக் குடும்பத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பசு வெள்ளை, அதற்கு ப்ளஸ். காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் கருத்திருக்கும். நெருங்கிப் போய் அந்தக் கறுப்பே ஃப்ரேமை அடைத்தால் கேமரா வெளிறடிக்கும், அதற்கு −0.7. பிறந்த கன்று செம்பழுப்பு, ஆறு மாதம் வாக்கில்தான் நிறம் மாறும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பூஜ்யமே போதும். காலை ஏழு மணிக்குக் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்), கிளுவை வேலியோரம் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் வேண்டாம், நீங்களும் காய்வீர்கள், மாடும் நிழலைவிட்டு வராது.

படி 5: மஞ்சள்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கதை வேறு. கொட்டிக் கிடக்கும் விரலி மஞ்சள் கண்ணுக்கு அவ்வளவு பிரகாசம் இல்லை. ஆனால் மஞ்சளில் சிவப்பு அதிகம், சென்சாரின் சிவப்புப் பங்கு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். படத்தில் சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி தட்டையாக விழும். −0.7 வையுங்கள், விரல் விரலாகப் பிரிந்து தெரியும். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வது) ஆட்டோவில் விடாதீர்கள், மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். வெயிலில் நின்றால் வெயில் குறிக்கு மாற்றுங்கள். ஃபோகஸை ஒற்றைப் புள்ளியாக்கி, வாங்க வந்தவர் ஒடித்துப் பார்க்கும் விரலியின் ஒடிந்த முகத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் அந்த ஆரஞ்சு நிறத்துக்காகத்தானே அவரே ஒடிக்கிறார்.

அங்கே லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். இதில் சென்சாருக்கு முன்னால் மறைப்பாக டிஎஸ்எல்ஆரில் இருக்கும் மிரர்கூட இல்லை. மஞ்சள் தூள் நேராக உள்ளே போய் உட்காரும்.

படி 6: தறிக்கூடம்

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் எடுத்தபோது படம் முழுக்கக் குறுக்கே இருட்டுப் பட்டைகள். காரணம், நான் ஆசையாகப் போட்டுவைத்த சத்தமில்லாத ஷட்டர். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் வரிவரியாகப் படிப்பதால் மினுக்கலும் பட்டையாகப் பதிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, டயலை ‘எஸ்’ஸுக்கு (கேனான் என்றால் ‘டிவி’) திருப்பி, வேகத்தை 1/100 அல்லது 1/50 வைத்தால் சரியாகிவிடும். பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காத தறிச் சத்தத்தில் எனக்கு எதற்குச் சத்தமில்லாத ஷட்டர், தெரியவில்லை.

படி 7: இரண்டடி பின்னால்

அடுத்த வாரம் +1 வைத்து எடுத்த படத்தைக் கொண்டுபோய் அப்பச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“செரி கண்ணு, இப்ப மாடு மாடாட்ட இருக்குது. கொம்பு எங்க?”

நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், 50-இல் நெருங்கி எடுத்து இரண்டு கொம்பின் நுனியையும் வெட்டியிருக்கிறேன். ஜூமை 35-க்கு இழுத்து, இரண்டடி பின்னால் போய், கொம்புக்கு மேல் கையகலம் வானம் விட்டு எடுங்கள்.