புள்ளியில் தங்குவதா, பணம் கட்டித் தங்குவதா: ஹோட்டல் ரிவார்டு புள்ளிகளைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பது எப்படி

ஹோட்டல் குழுமங்களின் செயலியில் அறை தேடும்போது ஒரே இரவுக்கு இரண்டு விலைகள் தெரியும். ஒன்று பணத்தில், மற்றொன்று, அந்தக் குழுமத்தில் தங்கித் தங்கி உறுப்பினர்கள் சேர்க்கும் புள்ளிகளில். புள்ளியில் எடுத்தால் இலவசம் என்ற எண்ணத்தில் கணக்கே போடாமல் அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, பெரிய பயணத்துக்கு இருக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இரு தரப்பினருக்கும் நட்டம்தான். இரண்டு நிமிடக் கணக்கு அதைத் தவிர்த்துவிடும்.

மேரியட் குழுமத்தின் பான்வாய் (Bonvoy) என்ற உறுப்பினர் திட்டத்தில் ஓர் அறைக்கு வாடகை 180 டாலர், வரி 27 டாலர், ஆக மொத்தம் 207 டாலர் என்றும், அதே இரவு புள்ளியில் 30,000 என்றும் வைத்துக்கொள்வோம். 207-ஐ 30,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 0.69 சென்ட் கிடைக்கிறது. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பணம் கட்டித் தங்கினால் அந்தக் குழுமத்தின் பெரும்பாலான ஹோட்டல்களில் வாடகையின் ஒவ்வொரு டாலருக்கும் 10 புள்ளி வரவாகும். புள்ளியில் தங்கினால் அந்த 1,800 புள்ளிகள் வராது. அவற்றையும் செலவாகவே எழுத வேண்டும். 31,800-ஆல் வகுக்கும்போது மதிப்பு 0.65 சென்டாகக் குறைகிறது. அடிக்கடி தங்குபவர்களுக்குக் குழுமம் தரும் எலைட் நிலை என்ற உறுப்பினர் தகுதி உயர உயரக் கூடுதல் புள்ளிகளும் கிடைக்கும் என்பதால், அடிக்கடி தங்குபவருக்கு இந்த மறைமுகச் செலவு இன்னும் அதிகம்.

வகுக்கப்படும் எண்ணையும், அதாவது பண விலையையும், ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். திரையில் முதலில் தெரியும் விலையே மிகக் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உறுப்பினர் விலை, முன்பணம் கட்டினால் குறையும் விலை, வேறு தள்ளுபடி ஏதேனும் இருந்தால் அது என எல்லாவற்றையும் பார்த்து, நீங்கள் உண்மையிலேயே கட்டக்கூடிய மிகக் குறைந்த தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு படி மேலே போவது நல்லது. ஓர் இரவுக்கு 900 டாலர் வாடகையுள்ள கடற்கரை விடுதியைப் புள்ளியில் எடுத்துவிட்டு 900 டாலர் மிச்சம் என்று சொல்லிக்கொள்வது இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் புள்ளியே இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள 250 டாலர் விடுதியில் தங்கியிருப்பீர்கள் என்றால், உங்கள் கையில் மிஞ்சியது 250 டாலர்தான். அந்த ஆடம்பரத்தை அனுபவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைச் சேமிப்புக் கணக்கில் எழுத வேண்டாம் என்றே சொல்கிறேன்.

அடுத்து, கிடைத்த மதிப்பு போதுமா என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். குழுமங்கள் அவ்வப்போது தள்ளுபடியில் புள்ளிகளை விற்கின்றன. ஹில்டன் குழுமத்தின் ஆனர்ஸ் திட்டப் புள்ளிகள், வாங்கும் அளவுக்கு இன்னொரு மடங்கு இலவசமாகத் தரும் இரட்டிப்புச் சலுகையின்போது, ஒரு புள்ளிக்கு அரை சென்ட் என்ற கணக்கில் கிடைப்பது வழக்கம். அந்த விலைக்கு வாங்க முடிகிற ஒன்றை அதைவிடக் குறைந்த மதிப்புக்குக் கரைப்பதில் பொருளில்லை. ஆகவே சலுகை விற்பனை விலையைக் குறித்து வைத்துக்கொண்டு, கணக்கில் அதற்கு மேல் வந்தால் புள்ளி, கீழே வந்தால் பணம் என்று தொடங்கலாம். அக்கோர் என்ற குழுமத்தின் உறுப்பினர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே 2,000 புள்ளிக்கு 40 யூரோ என்று மதிப்பு நிலையாக இருக்கிறது.

சில விதிகள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். மேரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளியில் எடுத்தால் அவற்றில் ஓர் இரவுக்குப் புள்ளி கேட்பதில்லை. மேலே சொன்ன அறையையே ஐந்து இரவுகளுக்கு எடுத்தால், 1,035 டாலருக்கு ஈடாக 1,20,000 புள்ளியும் வராமல் போகும் 9,000 புள்ளியும் செலவாகும். மதிப்பு 0.65-லிருந்து 0.80 சென்டுக்கு ஏறிவிடுகிறது. நான்கு இரவு போதும் என்று நினைத்தவர் ஐந்தாவது நாளும் தங்குவது அங்கே புள்ளிக் கணக்கில் செலவே இல்லை. ஹில்டனில் இதே சலுகை சில்வர் என்ற எலைட் நிலையிலிருந்து தொடங்குகிறது.

வாடகைக்கு மேல் சில விடுதிகள் தனியாகக் கேட்கும் ரிசார்ட் கட்டணம் மற்றொரு தடை. முழுவதும் புள்ளியில் தங்குபவரிடம் ஹில்டனும் ஹயாத் என்ற குழுமமும் அதை வாங்குவதில்லை. மேரியட் விடுதிகளில் வாங்குவார்கள். புள்ளியில் தங்கினாலும் கட்டியே ஆக வேண்டிய எந்தத் தொகையையும் மிச்சமாகக் கருதக் கூடாது. ஒருமுறை இலவசம் என்று நம்பி மூன்று இரவுகள் தங்கிவிட்டு, அறையைக் காலி செய்யும்போது நீட்டப்பட்ட ரசீதைப் பார்த்த பிறகுதான் முன்பதிவுப் பக்கத்தின் அடியிலுள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

பாதிப் பணம், பாதிப் புள்ளி என்று காட்டப்படும் வழியைத் தனியே சோதியுங்கள். 207 டாலர் அறையை 15,000 புள்ளியும் 130 டாலரும் கொடுத்து எடுக்கலாம் என்றால், அந்த 15,000 புள்ளி குறைத்தது 77 டாலர் மட்டுமே. புள்ளிக்கு ஏறத்தாழ அரை சென்ட்.

அலுவலகம் வாடகையைக் கட்டும் பயணத்தில் புள்ளியைத் தொடவே வேண்டாம். கூடுதல் புள்ளி தரும் சலுகைக் காலத்திலும், வாடகை மிகக் குறைந்திருக்கும் நாள்களிலும் பணமே நல்லது. திருவிழா, மாநாடு, பெரிய விளையாட்டுப் போட்டி என்று ஊரே நிரம்பி வாடகை பல மடங்கு ஏறும் நாள்களில் புள்ளி விலை அதே வேகத்தில் ஏறாமல் இருப்பதுண்டு. புள்ளிகள் உண்மையில் வேலை செய்வது அப்போதுதான். ஆனால் சாதாரண அறை தீர்ந்து, உயர்வகை அறை மட்டும் பல மடங்கு புள்ளிக்குக் காட்டப்பட்டால் விட்டுவிடுங்கள்.

சேர்த்து வைப்பதற்கும் எல்லை உண்டு. புள்ளிக்கு வட்டி கிடையாது. ஓர் அறைக்குத் தேவையான புள்ளிகளைக் குழுமம் எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாம். மேரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதங்கள் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். ஆனால் காலாவதித் தேதிக்குப் பயந்து மோசமான மதிப்பில் கரைக்கத் தேவையில்லை. சிறிதளவு புள்ளி வரவானாலே கெடு நீண்டுவிடும்.

இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்து முடிவெடுக்க முடியாவிட்டால், இப்போதைக்குப் புள்ளியில் பதிவு செய்துவிடுங்கள். மலிவான பண விலை பெரும்பாலும் ரத்து செய்ய முடியாதது. புள்ளி முன்பதிவைக் குறிப்பிட்ட தேதிவரை ரத்து செய்தால் புள்ளிகள் முழுதாகத் திரும்பிவிடும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முந்தைய நாள் பண விலையை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.