கட்டுப் போடும் முன்: மலையகத் தாதியருக்கான கால் பரிசோதனை

வீங்கிய காலுடனோ ஆறாத புண்ணுடனோ ஒருவர் தோட்ட மருந்தகத்துக்கு வந்ததும், கட்டுத்துணியை எடுக்கத்தான் கை முதலில் போகும். கோளாறு நாடியிலா (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்), நாளத்திலா (இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்), நிணநீர்க் குழாயிலா (திசுக்களில் மிஞ்சும் நீரை வடிப்பது) என்று பிரித்தறியாமல் இறுக்கிப் போடும் கட்டு, நாடி சுருங்கிய காலுக்குப் போய்ச்சேரும் கொஞ்ச இரத்தத்தையும் தடுத்து விரல்களைக் கருக்கிவிடக்கூடும். எனவே கேட்டு, பார்த்து, தொட்டு, அளந்த பிறகே கட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நுவரெலியா போன்ற 1,800 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில், மழையில் கொழுந்தெடுத்துவிட்டு நேராக வருபவரின் பாதம் எந்த நோயும் இல்லாமலே குளிர்ந்து வெளிறியிருக்கும். படங்கு, சப்பாத்து, காலுறை எல்லாவற்றையும் கழற்றச் செய்து, கம்பளி போர்த்திப் பத்து நிமிடமாவது படுக்கவைத்த பின்பே தொடங்க வேண்டும். உங்கள் கையும் சூடாக இருக்க வேண்டும். இடுப்பு மடிப்பு வரை பார்க்க வேண்டியிருப்பதால் திரை அவசியம்.

அந்த இடைவேளையில் கேள்விகளை முடித்துவிடலாம். மலைநாட்டில் மிகவும் பயன்தரும் கேள்வி ஒன்று உண்டு: “அம்மா, மேட்டுல ஏறுறப்பவா, பள்ளத்துல இறங்குறப்பவா கால் வலிக்குது?” ஏறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றதும் சில நிமிடங்களில் விட்டுவிடுமானால் நாடி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும், இறங்கும்போது கூடி, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ குறையும் வலி பெரும்பாலும் முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது. இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுகிறாரா என்பதையும், சீனி வருத்தம், பிறஷர் ஆகியவற்றையும் கேளுங்கள். புகைக்கிறீர்களா என்று மட்டும் கேட்டால் வெற்றிலையோடு புகையிலை போடுபவர் இல்லை என்றே சொல்வார். அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பார்க்கும்போது இரண்டு கால்களையும் ஒருசேரப் பாருங்கள். கருமையான தோலில் வெளிறலும் நீலமும் எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்காலிலும் கால்விரல் நகங்களின் அடியிலும் தேட வேண்டும். கொழுந்துக் கறை படிந்த கைவிரல்களில் நிறத்தை நம்ப முடியாது. உட்கணுக்காலுக்கு மேலே பழுப்பேறிய தோலும், ஆழமில்லாத, நீர் கசியும் புண்ணும் நாளக் கோளாற்றைக் காட்டும். விரல் நுனியிலோ குதிகாலிலோ குழிந்து, வெளிறிய அடியுடன் இருக்கும் புண் நாடி சார்ந்தது. பாதத்தின் அடியில் தடித்த தோலுக்கு நடுவே வலியில்லாமல் இருப்பது பெரும்பாலும் சீனி வருத்தப் புண். விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். சொறிந்து புண்ணாகிய அட்டைக்கடி கிருமிக்கு வாசலாகியிருக்கலாம்.

நாடித்துடிப்பைத் தேடுவதில் அவசரம் கூடாது. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் எழும்பும் தசைநாணுக்கு வெளிப்பக்கமாக, புறப்பாதத்தில் விரல்நுனிகளை மெதுவாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். அடுத்தது உட்கணுக்கால் எலும்புக்குச் சற்றுப் பின்னும் கீழும். இரண்டும் கிடைக்காவிட்டால் முழங்காலுக்குப் பின்புறமும் இடுப்பு மடிப்பிலும் தேட வேண்டும். நீங்கள் உணர்வது உங்கள் விரலின் துடிப்போ என்று ஐயம் வந்தால், மறுகையால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து ஒப்பிடுங்கள். ஆரோக்கியமான சிலருக்கும் புறப்பாதத் துடிப்பு இருப்பதில்லை. அது மட்டும் இல்லை என்பதைக் கொண்டு நாடி அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். பெருவிரல் நுனியை அழுத்தி விட்டால், சூடான அறையில் ஏறக்குறைய 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

கையடக்க டொப்ளர் (ஒலியலையால் இரத்த ஓட்டத்தைக் கேட்கவைக்கும் கருவி) உள்ள இடத்தில் கணுக்கால் அழுத்தத்தைப் புய அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். இரு புயங்களில் கூடியது 140, அந்தக் கணுக்காலின் இரு நாடிகளில் கூடியது 98 என்றால் விகிதம் 0.70. அது 0.90 அல்லது அதற்குக் குறைவானால் நாடி நோய், 0.5க்குக் கீழே அழுத்தக்கட்டு கூடவே கூடாது, 0.8க்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் போடக்கூடாது. 1.40க்கு மேல் வந்தால் நல்லதென்று மகிழ வேண்டாம்; நீண்டகாலச் சீனி வருத்தத்தில் நாடிச் சுவர் கல்லாகி அமுங்க மறுப்பதன் அடையாளம் அது.

நாளங்களை நிற்கவைத்தே பார்க்க வேண்டும்; படுத்தால் சுருண்டவை வடிந்துவிடும். வீக்கத்தை முன்னங்கால் எலும்பின் மேல் ஐந்து விநாடியாவது அழுத்திக் குழி விழுகிறதா என்று சோதியுங்கள். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் வந்து, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள எலும்புமேட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரு கெண்டைக்கால்களின் சுற்றளவும் 3 சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டால், அதிலும் அண்மையில் குழந்தை பெற்றவராக இருந்தால், ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கலாம். காலைத் தேய்க்காமல் அன்றே அனுப்புங்கள். பாதத்தை மேலே மடக்கி வலி பார்க்கும் பழைய முறை நம்பத்தக்கதன்று.

நிணநீர்த் தேக்கம் புறப்பாதத்திலும் விரல்களிலும் திரளும். இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளி மடிப்பாகத் தூக்க முடியாவிட்டால் அதுதான். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. முன்பும் அது மேற்கு, தெற்கு, வடமேற்குக் கரையோர மாகாணங்களுக்குரியதாகவே இருந்தது. எனவே கொழும்புப் பக்கம் நெடுநாள் வேலை செய்தவரா என்று கேட்பது பொருத்தம். இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருந்தால், செருப்பில்லாமல் நடப்பவர்களிடம் சிறிய, அசையும் நெறி சாதாரணம். வலிக்கும் நெறிக்குக் கீழே, பாதத்தில், காரணம் தேடுங்கள். வலியில்லாமல், கல்போல இறுகி, அசையாமல் இருப்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

திடீரெனக் கால் வலித்து, வெளிறி, குளிர்ந்து, துடிப்பின்றி மரத்துப்போய், விரல் அசையவில்லை என்றால் சில மணிநேரத்துக்குள் இரத்தம் திரும்பியாக வேண்டும். மலைப்பாதையில் போகும் நேரத்தையும் அதில் கழித்துப் பாருங்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழைத்து, வலி தொடங்கிய நேரத்தை மாற்றல் படிவத்தின் முதல் வரியில் எழுதுங்கள். காலை உயர்த்தாமல், தளர்வாகப் போர்த்தி வையுங்கள். வீட்டார் கொண்டுவரும் வெந்நீர்ப் போத்தலும் தணலும் வேண்டாம். மரத்துப்போன தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது.