கலைத்தால் கலை: காலை வணக்க ரோஜாவுக்கு ஓர் எதிரொலி

கைப்பேசியில் இடமில்லை என்று எச்சரிக்கை வரும்போதுதான் தெரிகிறது, பெரியப்பா எத்தனை காலை வணக்கப் படங்கள் அனுப்பியிருக்கிறார் என்று. பனித்துளி ரோஜா, ஆவி பறக்கும் தேநீர், குத்துவிளக்கு. எல்லாவற்றையும் அழியுங்கள், ஒன்றை மட்டும் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அந்தப் படத்தைத் திறந்து குலைக்கப் போகிறோம். இதற்கு டேட்டாபெண்டிங் என்று பெயர்.

முதலில் பெயிண்ட் செயலியில் படத்தை 1000க்கு 1000 பிக்சல் அளவாக்கி, 24 பிட் பிஎம்பி கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப் தருவது ஜேபெக். அது சுருக்கப்பட்ட தரவு என்பதால் கை வைத்தால் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும். பிஎம்பி அப்பாவி. ஒரு பிக்சலுக்கு 3 பைட், அவ்வளவுதான்.

ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா என்று போய்க் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். என்கோடிங் யு-லா (ஒலியின் ஒவ்வொரு துளியையும் ஒரு பைட்டாக எழுதும் முறை), சேனல் மோனோ, வேகம் 44100, அதாவது வினாடிக்கு 44100 பைட். சுமார் 68 வினாடி நீளத்தில் ஓர் ஒலி வரும். ஹெட்போனில் கேட்காதீர்கள், காது வலிக்கும்.

தொடக்கத்தில் அரை வினாடியை விட்டுவிட்டு மீதியைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் முதல் 54 பைட்டில்தான் படத்தின் அகல உயரக் கணக்கு இருக்கிறது. அது கெட்டால் படம் போயிற்று.

இனி எக்கோ விளைவு. பலரும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எண்ணைப் போடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டால் விபத்தைக்கூட நம் இஷ்டத்துக்குத் திருப்பலாம். ஒரு வரிசைக்கு 3000 பைட். 44100ஆல் வகுத்தால் 0.068 வினாடி. தாமதத்தை 0.68 என்று வைத்தால் ரோஜாவின் நிழல் 10 வரிசை தள்ளி விழும். பிஎம்பி படத்தைக் கீழிருந்து மேலாக எழுதுவதால் நிழல் மேல்நோக்கி ஏறும். 6.8 என்றால் 100 வரிசை. வெறுமனே 1 என்று வைத்தால் நிழல் பக்கவாட்டிலும் நழுவும், அதுவும் அழகுதான்.

வெள்ளைப் பின்னணி உள்ள படமாக எடுப்பது நல்லது. வெண்மையின் எண் 255. யு-லாவில் அந்த எண்ணுக்கு அமைதி என்று பொருள். அமைதியில்தானே எதிரொலி நன்றாகக் கேட்கும்!

எக்ஸ்போர்ட் செய்யும்போது தலைப்பில்லாத ரா, யு-லா, மோனோ என்று தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயரின் முடிவை பிஎம்பி என்று மாற்றுங்கள். ஒலியின் நீளத்தை மாற்றும் விளைவுகள் மட்டும் வேண்டாம். ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்: படம் தலைகீழாகும், நிறங்களும் இடம் மாறும்.

என் ரோஜாவைப் பெரியப்பாவுக்கே அனுப்பினேன். "படம் சரியாக இறங்கவில்லை, மறுபடியும் அனுப்பு" என்று பதில் வந்தது.