பெயர்களுக்கு முன் மலைகள்: தென் அமெரிக்காவின் பௌதிகப் புவியியலைக் கற்பிக்கும் முறை

கண்டமொன்றின் பௌதிகப் புவியியல் என்றதும் பல வகுப்புகளில் நடப்பது ஒன்றுதான். சுவரில் தேசப்படம் தொங்கும். மலை, ஆறு, பாலைவனம், சமவெளி என்று பெயர்கள் கரும்பலகையில் வரிசையாக ஏறும். மாணவர்கள் அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சை முடிந்த பிறகு தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனம் எந்தக் கரையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மலை இருக்கும் பக்கம் தெரிந்தால் ஆறு போகும் பக்கத்தை ஊகிக்கலாம். காற்று வரும் பக்கமும் தெரிந்தால் வறண்ட நிலம் எங்கே என்று ஊகிக்கலாம். பெயர்களை முதலில் கொடுத்துவிட்டால் ஊகிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஊகிக்காதது மனதில் நிற்பதும் இல்லை.

கொழும்பில் புதிதாகப் புவியியல் கற்பிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இந்த முறையை எழுதுகிறேன். தொடங்குவதற்கு நான் தேர்ந்தெடுப்பது தென் அமெரிக்கா. மேற்கே இளம் மலைத்தொடர், கிழக்கே பழைய மேட்டுநிலங்கள், நடுவே மாபெரும் வடிநிலம் என்று அதன் அமைப்பு கண்ணுக்கு எளிதில் பிடிபடும்.

தேவையானவை

ஏ3 தாள், நான்கு ட்ரேசிங் தாள்கள், கலர் பென்சில், நூல், பழைய பத்திரிகைகள், கோதுமை மாப் பசை, கொப்பிக்கு உறை போடும் பழுப்புத் தாள், தண்ணீர் தெளிக்கும் போத்தல். புறக்கோட்டை மலிபன் வீதியில் காகிதாதிகள் எல்லாம் கிடைக்கும்.

படி 1: அளவை உணர்த்துங்கள்

1 சென்ரிமீற்றருக்கு 200 கிலோமீற்றர் என்று அளவுத்திட்டம் வையுங்கள். தென் அமெரிக்கா வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 7,500 கிலோமீற்றர். ஆகவே தாளில் 38 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். இப்போது அதே அளவுத்திட்டத்தில் இலங்கையை வரைந்து வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். நீளம் 2 சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும், அகலம் 1 சென்ரிமீற்றர்தான். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் துண்டைப் பெரிய தாளின் மேல் நகர்த்திப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் கண்டம் என்பதன் பொருள் விளங்குகிறது. பரப்பில் தென் அமெரிக்கா நம் நாட்டைப் போல் சுமார் 270 மடங்கு. இந்த எண்ணைத் துண்டை வெட்டி முடித்த பிறகு சொல்லுங்கள்.

படி 2: நான்கு புள்ளிகளால் உருவத்தைப் பிடியுங்கள்

தாளின் மேல் விளிம்பிலிருந்து 9 சென்ரிமீற்றர் கீழே மத்திய கோட்டை வரையுங்கள். 10 பாகைக்கு 5.5 சென்ரிமீற்றர் என்று கட்டம் போட்டு நான்கு முனைகளைக் குறியுங்கள். வடக்கு முனை 12° வடக்கு (வ), 72° மேற்கு (மே). மேற்கு முனை 5° தெ, 81° மே. கிழக்கு முனை 7° தெ, 35° மே. தெற்கே ஹோர்ன் முனை 56° தெ, 67° மே. முதலில் நேர்கோடுகளால் இணைத்து, பிறகு அட்லசைப் பார்த்துக் கரையை வளைத்துத் திருத்தட்டும். மேற்குக் கரை 18° தெற்கில், சிலியின் அரிக்கா நகருக்கு அருகே, உள்வாங்கித் திரும்பும் இடத்தை மட்டும் தவறவிட வேண்டாம். இந்தக் கட்டத்தில் தெற்குப் பகுதி உண்மையைவிட அகலமாகத் தெரியும். தொடக்க வகுப்புக்கு அது போதும்.

மத்திய கோட்டுக்கு வடக்கே 7° இல் மெல்லிய கோடொன்றும் இழுங்கள். அதுவே கொழும்பின் அகலக்கோடு. கயானாவின் தலைநகர் ஜோர்ஜ்டவுன் கிட்டத்தட்ட அதே கோட்டில் இருக்கிறது.

படி 3: தரைத்தோற்றம்

முதல் ட்ரேசிங் தாளை மேலே வைத்து மூன்றே நிறங்களில் தீட்டச் சொல்லுங்கள்: உயர்மலை, மேட்டுநிலம், தாழ்நிலம். அட்லசில் தாழ்நிலம் பச்சை நிறத்தில் இருக்கும். பச்சையைக் கண்டதும் பிள்ளைகள் காடு என்று எடுத்துக்கொள்வார்கள். வறண்ட கரையோரமும் அங்கே பச்சையாகவே இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆகவே தாழ்நிலத்துக்கு மஞ்சள் கொடுங்கள். பச்சையைத் தாவரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

அந்தீஸ் மலைத்தொடர் ஏன் மேற்கு ஓரத்தில் மட்டும்? பூமியின் மேலோடு தகடுகள் எனப்படும் பெரும் பாளங்களால் ஆனது. பசுபிக்கின் அடியிலுள்ள நாஸ்கா தகடு தென் அமெரிக்கத் தகட்டின் கீழே அமிழ்கிறது. அந்த நெருக்குதலில் மேற்கு விளிம்பு மடிந்து உயர்ந்தது. எரிமலைகளும் நிலநடுக்கங்களும் அங்கே இருப்பதும் இதனால்தான். கிழக்கிலுள்ள பிரேசில், கயானா மேட்டுநிலங்கள் மிகப் பழையவை, தேய்ந்தவை. அந்தப் பக்கம் இன்று தகட்டின் விளிம்பு அல்ல.

பத்திரிகைத் தாளைப் பசையில் ஊறவைத்துப் பிழிந்து, வரைந்த படத்தின் மேல் மலையாக அடுக்கலாம். காய்ந்ததும் பழுப்புத் தாளைக் கிழித்து ஒட்டுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் காய நேரம் எடுக்கும், வார இறுதிக்கு முன்பே செய்து வைத்துவிடுங்கள். அந்தீசின் மிக உயரமான சிகரம் அக்கொன்காகுவா 6,961 மீற்றர். நம் அளவுத்திட்டத்தில் அதன் உண்மையான உயரம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குதான். மாதிரியில் 3 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 80 மடங்குக்கும் மேல் மிகைப்படுத்துகிறோம். இதை மாணவர்களையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியை நம்பும் அளவை அவர்களே தீர்மானிப்பார்கள்.

படி 4: ஆறுகள்

அட்லசை மூடிவிடுங்கள். தரைத்தோற்றத் தாளின் மேல் இரண்டாவது தாளை வைத்து, "மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டு வரையவிடுங்கள். மேற்கே குட்டை ஆறுகளும் கிழக்கே நெடிய ஆறுகளும் தாமாகவே தாளில் வந்துவிடும். அமேசன் பசுபிக்கிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் பிறந்து, கண்டத்தையே கடந்து அத்திலாந்திக்கில் விழுகிறது என்று இப்போது சொன்னால் அவர்களே காரணம் சொல்வார்கள்.

நூலை எடுங்கள். சுமார் 6,400 கிலோமீற்றர் நீளமான அமேசனுக்கு 32 சென்ரிமீற்றர் நூல் வேண்டும். 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலிக்கு 1.7 சென்ரிமீற்றர் போதும். சரிவையும் காட்டுங்கள். பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரம் கடலிலிருந்து ஆற்று வழியே ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர் உள்ளே இருந்தாலும், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. கப்பல்கள் அதுவரை போகின்றன. கொழும்பில் கடலோடு சேரும் களனி கங்கையோ சுமார் 145 கிலோமீற்றருக்குள் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்துவிடுகிறது.

படி 5: காற்றும் மழையும்

அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். கண்டத்தைத் தொடுவதற்கு முன் நம் நாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் இரத்தினபுரியிலும் கினிகத்தேனையிலும் மழை கொட்டுகிறது. அதே காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது வறண்டுபோகிறது. மட்டக்களப்பில் உறவினர்கள் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், அந்த வெப்பத்தை அனுபவித்தவர்கள் விளக்குவது போல் பாடநூல் விளக்காது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது மழை கிழக்குப் பக்கம் மாறுகிறது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, திசை மாறியது காற்று.

இப்போது அந்தீசுக்குப் போகலாம். அயன வலயத்தில் வியாபாரக் காற்று அத்திலாந்திக்கிலிருந்து வருகிறது. அமேசன் வடிநிலத்தையும் மலையின் கிழக்குச் சரிவையும் நனைத்துவிட்டு ஓய்கிறது. மேற்கே அட்டகாமாவில் மழை இல்லை. 40° தெற்குக்கு அப்பால் வீசுவது மேலைக்காற்று, அது பசுபிக்கிலிருந்து வரும். அங்கே சிலியின் மேற்குச் சரிவு அடர்காடு, கிழக்கேயுள்ள படகோனியா வறள்நிலம். இந்தத் திருப்பத்தைக் கிழக்கு மேற்கு என்று மனப்பாடம் செய்யவிடாதீர்கள். மூன்றாவது தாளில் அம்புக்குறிகளை மட்டும் கொடுத்து, ஈரமான பக்கத்தை அவர்களே நீலத்தால் தீட்டட்டும்.

மாதிரியைச் சாய்த்து வைத்து, சிறு மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, அதன் முன்னிருந்து தண்ணீர் தெளியுங்கள். காற்றுப்பக்கத்துப் பழுப்புத் தாள் கறுத்து ஈரமாகும், மறுபக்கம் வெளிறியே இருக்கும். ஆனால் இங்கே தெரிவது தடுக்கப்படுவது மட்டுமே. உண்மையில் காற்று மேலேறிக் குளிர்வதால்தான் நீராவி மழையாகிறது. இறங்கும் காற்று சூடேறி உலர்கிறது. இதைச் சொல்லாமல் சோதனையை மட்டும் செய்தால் மலையைச் சுவர் என்றே நினைப்பார்கள்.

அட்டகாமாவின் வறட்சிக்கு மலை மட்டும் காரணமல்ல. கரையோரம் வடக்கு நோக்கி ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடலை ஒட்டிய காற்றைக் குளிர்விப்பதால் அது மேலெழுவதில்லை. பனிமூட்டம் வரும், மழை வராது. அங்குள்ள அரிக்காவின் சராசரி ஆண்டு மழை 1 மில்லிமீற்றரும் இல்லை. கொழும்புக்கோ சுமார் 2,400 மில்லிமீற்றர். நீரோட்டம் எட்டாத கொலம்பியாவின் பசுபிக் கரை உலகின் மிக ஈரமான இடங்களில் ஒன்று. கூர்மையான மாணவர்கள் இதைக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

படி 6: தாவரம், பிறகு பெயர்கள்

மழைத் தாள் சரியாக வந்திருந்தால் நான்காவது தாள் விரைவில் முடிந்துவிடும். அதிக மழைக்கு மழைக்காடு, பருவமழைக்குச் சவன்னாப் புல்வெளி, மிதமான மழைக்குப் பம்பாஸ் புல்வெளி, மிகக் குறைந்த மழைக்குப் பாலைவனம். இதன் பிறகே ஒரினோக்கோ, பரானா ஆறுகள், லானோஸ் புல்வெளி, டிட்டிகாக்கா ஏரி என்று பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பரீட்சையில் தேசப்படம் குறிக்க வேண்டிய பெயர்களும் இப்போது உட்காருவதற்கு இடம் இருக்கும்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

வெற்றுப் புறவரைப் படம் கொடுத்துப் பெயர் கேட்பது நினைவைத்தான் அளக்கும். அதற்குப் பதிலாக ஆபிரிக்காவின் புறவரைப் படத்தைக் கொடுங்கள். தென்மேற்குக் கரையோரம் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது என்று மட்டும் சொல்லி, மகரக்கோட்டுக்கு அருகே அந்தக் கரை எப்படி இருக்கும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். நமீப் என்ற பெயரைக் கேள்விப்படாத பிள்ளையும் அங்கே பாலைவனத்தைத் தீட்டிவிட்டால் அடுத்த கண்டத்தைத் தயங்காமல் தொடங்கலாம்.