பாலிமர் கரைசலை பெண்டோனைட் போல அளக்காதீர்கள்

பைல் (கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) போடத் தோண்டும் துளையின் மண்சுவர் சரியாமலிருக்க, பெண்டோனைட் என்ற களிமண் கரைசலுக்குப் பதிலாக பாலிமர் கரைசலை நிரப்பும் தளங்களிலும் கருவிகள் பழையவைதான்: கரைசல் வடியும் நேரத்தைக் காட்டும் மார்ஷ் புனலும், உருளையைச் சுழற்றிப் பாகுநிலையை (கெட்டித்தன்மையை) அளக்கும் சுழல் விஸ்கோமீட்டரும். கருவிகளில் குறையில்லை. வந்த எண்ணை பெண்டோனைட் பழக்கத்தில் படிப்பதுதான் தவறு.

பெண்டோனைட் சுவரில் களிமண் படலம் கட்டி அடைக்கும். பாலிமர் அப்படிப் படலம் கட்டாது. மண்ணுக்குள் மெல்ல ஊறும். அந்த ஊறலைக் கட்டுப்படுத்துவது, மெதுவான ஓட்டத்தில் கரைசலுக்கு இருக்கும் பாகுநிலை. மார்ஷ் புனலோ 4.76 மி.மீ. துளை வழியே பாயும் வேகமான ஓட்டத்தைக் காட்டுகிறது. இரண்டு கரைசல்கள் ஒரே வினாடிக் கணக்கைத் தந்தாலும் துளைக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

புனலில் 1500 மி.லி. ஊற்றி 946 மி.லி. வடியும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நல்ல தண்ணீருக்கு 21 டிகிரியில் 26 வினாடி வரும். ஒரு லிட்டர் வடியும்வரை பார்த்தால் அதே தண்ணீர் 28 காட்டும். எந்தக் கொள்ளளவு என்று பதிவேட்டில் எழுதாத எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது. சரியாகக் கரையாத பாலிமர் கட்டி துளையில் சிக்கினாலும் நேரம் கூடும். அதனால் தினமும் முதலில் தண்ணீர் விட்டுச் சரிபாருங்கள். கம்பியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள், துளை தேய்ந்துவிடும்.

பெரிய தவறு விஸ்கோமீட்டரில் நடக்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் முள் 24, 300 சுற்றில் 18 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கணக்கில் பிளாஸ்டிக் பாகுநிலை 24 − 18 = 6; யீல்ட் பாயின்ட் (கரைசல் நகரத் தொடங்கத் தேவையான குறைந்தபட்சத் தகைவு) 18 − 6 = 12, அதாவது சுமார் 5.7 பாஸ்கல். இதைப் பார்த்ததும் மணலைத் தாங்கிப் பிடிக்கும் கரைசல் என்று தோன்றும். அந்தக் கணக்குப்படி 3 சுற்றிலும் முள் 12-இல் நிற்க வேண்டும். பாலிமரோ அடுக்கு விதிப்படி (முள் காட்டும் எண் சுற்று வேகத்தின் n அடுக்காக மாறும்; இங்கே n சுமார் 0.41) நடப்பதால் முள் 3-ஐக்கூடத் தொடாது. அந்த யீல்ட் பாயின்ட், இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டைப் பூஜ்ய வேகம்வரை நீட்டியதால் வந்த மாயை. அதை நம்பி அடித்தளச் சுத்தத்தைக் குறைத்தால், மணல் கீழே படிந்து பைலின் அடியில் மென்மையான அடுக்காகத் தங்கிவிடும்.

3 சுற்று அளவீட்டில் அரைக் கோடு தவறினாலே ஏறத்தாழ 20 சதவீதப் பிழை. ஆகவே 6, 100, 200 சுற்றுகளிலும் எடுத்து லாக் தாளில் (இரு அச்சிலும் மடக்கை அளவு கொண்ட வரைதாள்) புள்ளி வையுங்கள். நுரை அடங்கிய பிறகு அளக்க வேண்டும். வெப்பநிலையையும் கூடவே குறியுங்கள்.

மாதிரியைத் தொட்டியில் மட்டும் எடுப்பது போதாது. மையவிலக்கு பம்ப் பாலிமர் சங்கிலிகளை அறுத்துவிடும். களிமண் பாலிமரைப் பிடித்துக்கொள்ளும். சிமெண்டிலும் கடினநீரிலும் உள்ள கால்சியம் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். தொட்டியில் கெட்டியாக இருந்தது துளையின் அடியில் தண்ணீர் போல இருக்கலாம். கான்கிரீட்டுக்கு முன் அடியிலிருந்து மாதிரி எடுத்து, மணல் அளவு, பிஎச் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.