ஸ்டீல் செயின் வாட்ச் வைத்திருக்கிறீர்களா? பாலிஷ் போடும் முன் ஒரு நிமிஷம்

பத்து வருஷம் கட்டிய என் ஸ்டீல் செயின் வாட்சை ஒருமுறை சர்வீசுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் சார்" என்று பெருமையாக நீட்டினார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. விரலில் இடறுகிற அளவு கூர்மையாக இருந்த ஓரமெல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் போல் ஆகியிருந்தது. தப்பில் பாதி என்னுடையது. பாலிஷ் வேண்டாம் என்று நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை.

ஸ்போர்ட்ஸ் வாட்ச் என்று விற்கும் இந்த வகை விலையுயர்ந்த ஸ்டீல் வாட்சில் நாம் கொடுக்கும் காசு அந்த ஓரத்துக்குத்தான். 1972இல் சுவிட்சர்லாந்தின் ஒடெமார் பிகே நிறுவனம் ராயல் ஓக் என்ற வாட்சைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஜெரால்ட் ஜென்டா. எட்டு மூலை பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), 39 மில்லிமீட்டர் அகலம், உடம்பெல்லாம் ஸ்டீல், விலை மட்டும் தங்க வாட்சுக்கு நிகர். 1976இல் பதேக் ஃபிலிப் வெளியிட்ட நாட்டிலஸும் ஜென்டாவின் கைவண்ணம்தான். உலகின் விலையுயர்ந்த வாட்சுகளில் ஒன்று ஸ்டீலால் ஆனது என்றே அதற்கு விளம்பரம் செய்தார்கள். ஸ்டீலுக்கு ஏன் அவ்வளவு? பரப்பு முழுவதும் மெல்லிய கோடுகள் இழுத்து மங்கலாக விட்டு, ஓரத்தை மட்டும் சாய்வாகச் சீவிக் கண்ணாடி போல் மெருகேற்றியிருப்பார்கள். கையைத் திருப்பும்போது பளிச்சிடுவது அந்த மெல்லிய சீவல்தான். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இதே வேலை. தங்கத்தைவிடக் கடினமான உலோகத்தில் இதைச் செய்ய வேண்டும்.

பாலிஷ் சக்கரம் கீறலை நிரப்புவதில்லை. கீறல் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை போட்டால் வாட்சின் வடிவமே மாறிவிடும். கீறல் இருந்துவிட்டுப் போகட்டும். சர்வீசுக்குக் கொடுக்கும்போது ரசீதிலேயே "பாலிஷ் வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பட்டறை வரை போய்ச் சேராது.

ராயல் ஓக் பெசலில் தெரியும் எட்டு திருகுகளை முன்பக்கமிருந்து திருப்பப் பார்ப்பவர்களும் உண்டு. அவற்றின் தலை அறுகோணம், உட்காரும் குழியும் அறுகோணம். அதனால் திரும்பவே திரும்பாது, முடுக்குவது பின்பக்கமிருந்து. திருகுகளின் கோடுகள் எட்டும் ஒரே சீராக நிற்பதற்கும் அதுதான் காரணம். கோடுகள் ஆளுக்கொரு திசையில் நின்றால் அந்த வாட்சைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது செயின் அளவு. ஏசி ஷோரூமில் காலையில் அளவெடுத்துக் கச்சிதமாக வெட்டிக்கொண்டு வருவார்கள். சென்னை வெயிலில் மூன்று மணிக்கு மணிக்கட்டு உப்பி, கொக்கி தோலில் பதியும். நேரமிருந்தால் சாயங்காலம் போங்கள். கொக்கிக்கு அடியில் சுண்டு விரல் நுழைகிற இடம் விடச் சொல்லுங்கள். கண்ணிகளை ஒரே பக்கம் கழற்றினால் கொக்கி மணிக்கட்டின் நடுவில் நிற்காமல் ஒருபக்கம் ஏறிவிடும். இரு பக்கமும் பார்த்துக் கழற்ற வேண்டும்.

"செயின் நீண்டுபோச்சு" என்கிறார்களே, ஸ்டீல் நீள்வதில்லை. வியர்வையும் தூசியும் சேர்ந்து கண்ணிகளுக்குள் உப்புத்தாள் போல வேலை செய்து பின்னையும் துளையையும் அரித்துவிடுகின்றன. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். வெளிவரும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் அடுத்த மாதம் தானாகவே ஞாபகம் வரும்.

ஆனால் கழுவும் முன் சாவி முழுதாக உள்ளே அழுந்தியிருக்கிறதா, திருகுச் சாவியாக இருந்தால் முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்போர்ட்ஸ் என்ற பெயரை நம்பி நீச்சல் குளத்தில் குதிப்பதும் தவறு. ராயல் ஓக்கில் போட்டிருப்பது 50 மீட்டர். மூழ்கி நீந்துவதற்கென்றே செய்த ரோலெக்ஸ் சப்மரைனரில் 300. அப்படி மூழ்குவதற்கென்று செய்யாத வாட்சில் அந்த எண் பரிசோதனைக் கூடத்தில் தாங்கிய அழுத்தம், நீங்கள் மூழ்கக்கூடிய ஆழம் அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வருஷங்கள் போகப் போக இறுகிப்போகும், வெந்நீர்க் குளியல் அதைச் சீக்கிரப்படுத்தும். தண்ணீர்ப் பக்கம் போகிறவர்கள் வருஷம் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்ளட்டும். திடீரென்று வாட்ச் வேகமாக ஓடினால் பதறி முழு சர்வீசுக்குக் கொடுக்காதீர்கள். காந்தக் கொக்கி வைத்த போன் கவர் பக்கத்தில் படுத்திருந்ததா என்று யோசியுங்கள். காந்தம் நீக்குவது சில நொடி வேலை.

முதலீடு என்று சொல்லி வாங்குபவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. 2021இல் நாட்டிலஸ் 5711 ஸ்டீல் மாடலை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் பழைய வாட்ச் சந்தையில் அதன் விலை ஷோரூம் விலையைப் போலப் பல மடங்கு ஏறியது. 2022 தொடக்கத்து உச்சத்தில் வாங்கியவர்கள் அது இறங்கியதையும் பார்த்தார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால், விற்பவர் கழற்றிய கண்ணிகளையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாவிட்டால் பெரிய மணிக்கட்டுக்காரருக்கு அந்த வாட்ச் ஆகாது, தனியாக வாங்கினால் விலை கடிக்கும். இன்னொரு உபயோகமும் உண்டு. என் வாட்சில் கழற்றிய இரண்டு கண்ணிகள் பழைய மாத்திரை டப்பாவில் கிடக்கின்றன. பாலிஷ் படாதவை. கையில் கட்டியிருக்கும் செயினுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தால், ஓரத்தில் அந்த மெல்லிய கோடு இன்னும் மின்னுகிறது.